சுண்ணாம்பு போன கொக்கி

கண்ணாத்தாளின் இடது கையில் ஓர் இரும்புத் துண்டு, வலது கையில் சின்னச் சுத்தியல். துண்டைக் காதோரம் தூக்கிப் பிடித்து ஒரு தட்டு. கணீரென்று சத்தம் இழுத்துக்கொண்டு போனால் துண்டு வலப்பக்கம் விழும். டொக்கென்று அங்கேயே செத்தால் இடப்பக்கம். சந்தேகம் வந்தால் அரத்தால் ஓரத்தில் இரண்டு இழுப்பு. சீவல் சுருண்டு வருகிறதா, கறுப்புப் பொடியாக உதிர்ந்து விரலில் ஒட்டுகிறதா என்று பார்ப்பாள். அதிலும் பிடிபடாவிட்டால் ஒரு மூலையை உடைத்து முறிவை வெயிலில் காட்டுவாள். உப்புக்கல்லைப் போல மணிமணியாக மின்னினால் அது அச்சில் ஊற்றிய வார்ப்பு. பனைமட்டையைக் கிழித்தது போல நார்நாராக இருந்தால் அடித்து நீட்டிய இரும்பு. படித்தவர்கள் தேனிரும்பு என்பார்கள். இரண்டும் இல்லாமல் மாவு போல நைசாக இருந்தால் உருக்கு. ஒரு நாளைக்கு நூறு, நூற்றைம்பது துண்டு அவள் கையில் ஏறி இறங்கும். சாயங்காலம் உள்ளங்கையை முகர்ந்தால் ரத்த வாடை அடிக்கும். இரும்பின் வாடையும் ரத்தத்தின் வாடையும் ஒன்றுதான். புண் கட்டுகிறவர்களுக்கு இது தெரியும்.

இடம், புதுக்கோட்டை ரயிலடிக்குப் பக்கத்தில் வயிரவன் செட்டியாரின் இரும்புக் கிட்டங்கி. வருஷம் 1943. யுத்தத்தால் புது இரும்பு கண்ணில் படுவதில்லை. உடைந்த அரிசி மில், இடித்த பங்களாவின் கிராதி, ஓடாத மோட்டார் வண்டி என்று எது வந்தாலும் செட்டியார் வாங்கிப் போட்டார். கந்தர்வக்கோட்டைப் பக்கமும் கீரனூர்ப் பக்கமும் அவருக்குக் கிணறு வெட்டும் குத்தகை இருந்தது. கப்பி, சங்கிலி, கொக்கி, கடப்பாரை எல்லாம் இந்தக் கிட்டங்கியிலிருந்துதான் போயாக வேண்டும்.

கண்ணாத்தாளுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். பிறந்தது கொடும்பாளூருக்குத் தெற்கே ஒரு மானாவாரிக் கிராமம். கிணறு வெட்டுகிற அடைக்கலத்துக்கு வாக்கப்பட்டு, அவன் வெட்டிய மண்ணைக் கூடை கூடையாகச் சுமந்து, பதினான்கு வருஷம் ஊர் ஊராகப் போனாள். இரண்டு பிள்ளை பிறந்தது, இரண்டும் தங்கவில்லை. பிறகு ஒரு கல் உருண்டு வந்து வலது முழங்காலில் விழுந்தது. அதோடு சுமை தூக்குவது நின்றது. கிட்டங்கியில் கூட்டிப் பெருக்கத்தான் சேர்ந்தாள். அங்கே தரம் பிரித்துக்கொண்டிருந்த கொல்லர் பட்டாளத்து ஒர்க்‌ஷாப்புக்குப் போனதும் குவியல் தேங்கிவிட்டது. ஒரு நாள் கிட்டங்கிக் கணக்குப்பிள்ளை அழகுமலை வந்து பார்த்தபோது அவள் பாதியைப் பிரித்து வைத்திருந்தாள்.

"யாரு ஒன்னையப் பிரிக்கச் சொன்னது?"

"யாருஞ் சொல்லலைங்க. கூட்டுறதுக்கு எடம் இல்ல. அதான்."

அழகுமலை அதில் பத்துத் துண்டைக் கொல்லுப்பட்டறைக்கு அனுப்பி உலையில் வைத்துப் பார்க்கச் சொன்னார். பத்தும் சரியாக இருந்தது. அன்றிலிருந்து அது அவள் வேலையானது. கூட்டுகிற வேலையும் அவளிடமே இருந்தது.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் கோடு போட்டு வைத்தாள். வார்ப்பு என்றால் ஒரு சுண்ணாம்புக் கோடு. தேனிரும்பு என்றால் செங்காவி. உருக்குக்கு இரண்டும். பித்தளை, ஈயம், பீங்கான் குழாய், தோல் வார் எல்லாம் பார்த்தாலே தெரியும். அவற்றுக்குக் கோடு தேவையில்லை. இரும்புதான் ஆளை ஏய்க்கும். ஒரே கறுப்பு, ஒரே துரு, ஒரே கனம். ஆனால் வார்ப்பு மேலே எதை ஏற்றினாலும் தாங்கும். அதில் ஒன்றைத் தொங்கவிட்டுச் சுண்டி இழுத்தால் பட்டென்று போய்விடும். ஆகவே கிட்டங்கியில் ஒரு கட்டளை இருந்தது. சுண்ணாம்பு போட்ட சாமான் எதுவும் ஆள் தலைக்கு மேலே போகக்கூடாது. வண்டிக்காரர்கள்கூட அதைத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

பக்கத்து வீட்டுச் செவந்தி கடலை உடைக்கப் போகிறவள். அவள் புருஷன் ராக்கனும் கிணறு வெட்டுகிறவன், அடைக்கலத்தின் ஊர்க்காரன், அவனை அண்ணன் என்று கூப்பிடுகிறவன். அந்த முறையில் கண்ணாத்தாள் அவனுக்கு மதினி.

"ஏக்கா, எல்லாத்தையும் தட்டித் தட்டித் தரம் பாக்குறியே, இந்த மனுசனையும் ஒரு தட்டு தட்டிச் சொல்லேன்" என்பாள் செவந்தி.

"எங்க தட்டுறது? தலையில தட்டுனா டொக்குன்னுதான் கேக்கும்."

"மதினி, அது உள்ள சரக்கு நெறைய இருக்கிற சத்தம்" என்பான் ராக்கன். "காலிப் பானைதான் கணீருங்கும்."

இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குச் செட்டியாரே நேரில் வருவதாகச் சொல்லியிருந்தார். வழக்கமாகச் சுத்தியல், அரம், தராசை மட்டும் கழுவிப் பொட்டு வைப்பார்கள். இந்தத் தடவை தரம் பிரித்து வைத்திருந்த சாமான் அத்தனையும் பூஜையில் இருக்க வேண்டும் என்றார் அழகுமலை.

"அந்தக் கோட்டையெல்லாம் அழிச்சிரு கண்ணாத்தா. சாமிக்கு முன்னால சுண்ணாம்பைத் தீத்திக்கிட்டு வைக்கவா? எழவு வீட்டுச் செவுரு மாதிரி."

அவள் யோசித்துப் பார்த்தாள். குவியல்கள் தனித்தனியாகத்தான் கிடந்தன. இடம் மாறாத வரைக்கும் கோடு இல்லாவிட்டாலும் எது எது என்று தெரியும். பூஜை முடிந்ததும் திரும்பப் போட்டுக்கொண்டால் ஆயிற்று. தவறான யோசனை என்று சொல்ல முடியாது. புளியும் செங்கல் பொடியும் போட்டு அவளே உட்கார்ந்து தேய்த்தாள். நாற்பத்துமூன்று கொக்கி இருந்தது. அதில் ஏழு சுண்ணாம்புக் கொக்கி. ஏழையும் அவள் கையாலேயே பளபளவென்று ஆக்கி, சந்தனம் வைத்து, அதன் நடுவில் குங்குமம் வைத்தாள்.

பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் விஜயதசமிக்குத்தான் எடுக்க வேண்டும். விஜயதசமி வெள்ளிக்கிழமை வந்தது. அன்றைக்குக் கண்ணாத்தாள் ஊரில் குலசாமிக்குப் பொங்கல் வைக்கப் போயிருந்தாள். அன்றைக்கே, நல்ல நாள் என்று, திருச்சியிலிருந்து வந்த புது ஓவர்சியர் கிட்டங்கியில் வேலையை ஆரம்பித்துவிட்டார்.

சனிக்கிழமை காலை அவள் வந்தபோது குவியல் எதையும் காணவில்லை. கொக்கி எல்லாம் ஓரிடம். சக்கரம் எல்லாம் ஓரிடம். கம்பி, குழாய், தகடு என்று வரிசை வரிசையாக, ஒவ்வொன்றின் முன்னாலும் எழுதிய பலகை. துரு ஏறாமலிருக்க எல்லாவற்றுக்கும் தார் பூசியாகிவிட்டது. தாரின் வாடையில் சந்தன வாடை தெரியவே இல்லை.

"என்னங்க இப்பிடிப் பண்ணிட்டீங்க?" என்றாள்.

ஓவர்சியர் கெட்டவர் இல்லை. வயது முப்பதுக்குள், வேலையில் சுத்தம், யாரையும் அதட்டமாட்டார். "இங்க பாரும்மா, கொக்கி கேட்டு வர்றவன் கொக்கி இருக்கிற இடத்துக்குப் போனாப் போதும். முன்னால மூணு குவியல்ல தேடணும். எது எதுக்கு உதவுதோ அதை அதோட வச்சிருக்கேன்."

"பேருதாங்க கொக்கி. உள்ள இருக்கிறது வேற வேற."

"உள்ள என்ன இருக்குன்னு ஒவ்வொண்ணையும் உடைச்சுப் பார்த்தா, அப்புறம் எதைம்மா கிணத்துக்கு அனுப்புறது?"

சுற்றி நின்ற வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். கண்ணாத்தாளும் சிரித்து வைத்தாள். பிறகு அரத்தை எடுத்துக்கொண்டு கொக்கிக் குவியலின் முன்னால் உட்கார்ந்தாள். தார் பூசியதைத் தட்டினால் நல்ல இரும்பும் ஊமையாகத்தான் கேட்கும். ஒவ்வொன்றிலும் வளைவின் உள்பக்கத்தில் தாரைச் சுரண்டி, அரம் போட்டு, பொடியைத் தேய்த்துப் பார்த்தாள். சாயங்காலத்துக்குள் நாற்பது கொக்கி பார்த்து முடித்தாள். அதில் வார்ப்பு ஆறு. ஏழாவது இல்லை. மொத்தத்தில் மூன்று கொக்கி குறைந்தது.

அழகுமலையிடம் போனாள். "பெரிய கொக்கி மூணு காணமுங்க."

"காணாமப் போகல. காலையில வண்டியில போயிருச்சு. மூணு கெணத்துக்கு மூணு." நோட்டைப் பிரித்து விரலை ஓட்டினார். "கீரனூருக்கு ஒண்ணு. அடைக்கலம் வெட்டுற கெணத்துக்கு ஒண்ணு. அதுக்கு அங்கிட்டு முந்திரிக்காட்டுக் கெணத்துக்கு ஒண்ணு. ஒம் பக்கத்து வீட்டு ராக்கன் நிக்கிறானே, அது."

"எது எங்க போச்சு?"

"எனக்கென்னத்தா தெரியும்? கொக்கின்னுதான் எழுதியிருக்கு."

"அதுல ஒண்ணு சுண்ணாம்புக் கொக்கிங்க."

அழகுமலை நோட்டை மூடினார். குரலைத் தாழ்த்தினார். "கழுவுனது யாரு?"

கழுவச் சொன்னது யார் என்று அவளும் கேட்டிருக்கலாம். அந்த மாதிரிக் கேள்வி கேட்கிற இடத்தில் அவள் இல்லை. இந்த வேலை போனால் இந்த முழங்காலோடு வேறு வேலையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கந்தர்வக்கோட்டை பஸ் ஏறினாள். பெட்ரோல் கிடைக்காமல், பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடுகிற பஸ். மேட்டில் எல்லோரையும் இறங்கித் தள்ளச் சொல்லிவிட்டு, உச்சிவேளைக்குக் கொண்டுபோய் விட்டது. அடைக்கலத்தின் கிணறு ரோட்டோரமாகவே இருந்தது. மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமையும் வேலை நடந்தது. கிணற்று வாயில் குறுக்கே ஒரு தூலம், தூலத்தில் கொக்கி, கொக்கியில் கப்பி. கப்பியில் ஓடிய வடத்தின் நுனியில் கல் நிரம்பிய இரும்புக்கூடை ஏறிக்கொண்டிருந்தது.

அவள் கத்தி நிறுத்தினாள். கூடையை இறக்கிய பிறகு தூலத்தருகே போய்க் கொக்கியில் தாரைச் சுரண்டினாள். அரம் போட்டாள். சீவல் சுருண்டு வந்தது. சுத்தியலால் ஒரு தட்டு தட்டினாள். தாரையும் மீறிக் கணீரென்றது.

கீழேயிருந்து அடைக்கலத்தின் குரல் வந்தது. "யாருடா அது மேல மணியடிக்கிறது? பூசை முடிஞ்சு போச்சுடா!"

"நாந்தான்."

"நீ எங்கடி இங்கிட்டு வந்தே?"

அவன் மேலே வந்ததும் சொன்னாள். அவன் நெற்றி வியர்வையை வழித்துப் போட்டுவிட்டுக் கேட்டான். "நம்மளுது நல்லதுதானே?"

"நல்லது."

"அப்ப கீரனூருல இருக்கும், இல்ல ராக்கன்கிட்ட இருக்கும்."

"ராக்கன் கெணறு எம்புட்டுத் தூரம்?"

"நாலு மைலு. செம்மண் தடம். வண்டி இருந்தாப் போகலாம், இன்னைக்கு வண்டி இல்ல. செவ்வாக்கெழம சந்தைக்கு வருவான். நான் பாத்துச் சொல்லிர்றேன். நீ நொண்டிக்கிட்டு அங்கிட்டுப் போயிச் சேரவே பொழுது எறங்கிரும்."

அவள் செம்மண் தடத்தைப் பார்த்தாள். வெயிலில் அது முந்திரி மரங்களுக்குள் நுழைந்து திரும்பியது. ரோட்டில் திரும்பி வந்து நின்ற பஸ்காரன் கரியைக் கிளறிவிட்டு ஆரன் அடித்தான்.

"ஏத்தா, வரலையா? இதை விட்டா நாளைக்குத்தான்!"

காலையில் கிளம்பும்போது இருந்த பயம், அடைக்கலத்தின் கொக்கி நல்லது என்றதும் போயிருந்தது. நடந்தது அதுதான், வேறொன்றும் இல்லை. பயம் போனதும் முழங்கால் வலி தெரிந்தது. அவள் பஸ் ஏறினாள்.

வீட்டுக்கு வந்தும் செவந்தியிடம் சொல்லவில்லை. வீணாக எதற்குப் பயமுறுத்துவது, செவ்வாய்க்கிழமை சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டாள். செவந்தி கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து கொடுத்தாள். நன்றாக இருந்தது.

திங்கட்கிழமை காலை, முந்திரிக்காட்டுக் கிணற்றில், ஏறிக்கொண்டிருந்த கூடை பாறை விளிம்பில் சிக்கியது. மேலே நின்றவர்கள் தம் பிடித்து இழுத்தார்கள். சிக்கு விட்டு, கூடை ஒரு குதி குதித்து வடத்தைச் சுண்டியது. நல்ல இரும்பு முறிவதற்கு முன்னால் வளையும். வளைவதை யாராவது பார்ப்பார்கள், கத்துவார்கள், கீழே இருப்பவன் ஒதுங்குவான். வார்ப்பு வளையாது. கொக்கி, கப்பி, வடம், கூடை, கல் எல்லாம் ஒன்றாக இறங்கின. கீழே மூன்று பேர். இரண்டு பேர் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். ராக்கன் குனிந்து கடப்பாரை போட்டுக்கொண்டிருந்தான். கூடையின் விளிம்பு நடுமுதுகில் விழுந்தது.

கிணற்றில் அடிபட்டவனைக் கூடையில் குறுக்கி உட்காரவைத்து மேலே இழுப்பதுதான் அங்கே வழக்கம். அவனையும் அப்படித்தான் இழுத்தார்கள். அப்படிச் செய்திருக்கக் கூடாது. கதவுப் பலகையை இறக்கி, தலையும் இடுப்பும் ஒரே கோட்டில் இருக்கும்படி கட்டித் தூக்கியிருக்க வேண்டும். அங்கே யாருக்கும் அது தெரியாது. கூடையில் ஏறும்போதே, "காலு எங்கடா போச்சு?" என்று கேட்டானாம்.

ஊர் ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்தான். தொப்புளுக்குக் கீழே ஊசி குத்தினாலும் தெரியவில்லை. டாக்டர் செவந்தியிடம் நேராகவே சொன்னார். நடக்க மாட்டான், நீரும் மலமும் அவன் கட்டுப்பாட்டில் இல்லை, இங்கே வைத்துக்கொண்டு செய்வதற்கு ஒன்றும் இல்லை. நர்ஸ் ஒருத்தி செவந்தியையும் கண்ணாத்தாளையும் நிற்கவைத்துக் கற்றுக்கொடுத்தாள். அடிவயிற்றை எங்கே, எவ்வளவு அமுக்கினால் நீர் பிரியும் என்பது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட வேண்டும் என்பது. ஒருத்தி தோளையும் நெஞ்சையும் பிடிக்க, இன்னொருத்தி இடுப்பையும் தொடையையும் பிடிக்க, ஒரே மூச்சில், மரக்கட்டையை உருட்டுவது போல. ஒருத்தியால் ஆகாது. ஒருத்தி முயன்றால் முதுகு முறுக்கிக்கொள்ளும், தோல் படுக்கையில் உரசிப் பிய்யும். தோல் பிய்ந்தால் புண். புண் வந்தால் பிறகு நாள் எண்ண வேண்டியதுதான். இதையும் அந்த நர்ஸ் சொன்னாள்.

தீபாவளிக்கு மறுநாள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

இதற்கிடையில் உடைந்த கொக்கி கிட்டங்கிக்குத் திரும்பி வந்தது. கண்ணாத்தாள் அதன் முறிவை வெயிலில் காட்டிப் பார்த்தாள். உப்புக்கல் மணி. நடுவில் கடலை அளவுக்கு ஒரு பொத்தல், ஊற்றும்போது காற்று அடைத்தது. தேடிய நாற்பதில் இல்லாத ஏழாவது. இடித்த பங்களாவில் பெரிய விளக்கு தொங்கிய கொக்கி அது. அங்கே அது அசையாமல் அறுபது வருஷம் தொங்கியது. மணிக்கட்டுத் தடிமன். வண்டிக்காரன் மூன்றிலும் தடித்ததாகப் பார்த்து, ஆழமான கிணற்றுக்கென்று எடுத்துப் போயிருந்தான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஓவர்சியர் அந்தத் துண்டுகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த நாள் சுண்ணாம்பும் காவியும் வாங்கி வைத்திருந்தார். "முன்ன மாதிரியே போட்டுரும்மா" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் அதைப் பற்றிக் கிட்டங்கியில் யாரும் பேசவில்லை.

அடைக்கலமும் அதையே சொன்னான். "நீ வாயத் தொறக்காத. நீ சொல்லி அவன் எந்திரிச்சிரப் போறானா? நானும் ஒரு ஆளு அங்கிட்டு அனுப்பியிருக்கலாம். அனுப்பல. விடு."

கண்ணாத்தாள் வாயைத் திறக்காமல் வேலை செய்தாள். விடிந்ததும் ஒரு தடவை, கிட்டங்கிக்குப் போகுமுன் ஒரு தடவை, மத்தியானம் ஓடி வந்து ஒரு தடவை, பொழுது சாய்ந்த பிறகு படுக்கும் வரைக்கும், அப்புறம் அங்கேயே வாசலில் படுத்திருந்து கூப்பிட்டபோதெல்லாம். இடையிலே செவந்தி தெருவில் போகிற யாரையாவது கூப்பிட்டுக்கொள்வாள். முதல் வாரம் எல்லோரும் வந்தார்கள். மூன்றாவது வாரம், அந்த வாடைக்கு, கூப்பிட்டாலும் கேட்காதது போலப் போனார்கள். சலவைச் சாம்பல், வாழையிலை, வெந்நீர், உப்பு. பழந்துணி எல்லாம் தீர்ந்து கண்ணாத்தாளின் கல்யாணச் சேலை கிழிபட்டது. செவந்தி அதைப் பார்த்து அழுதாள். "எங்க ஆத்தாகூட இப்பிடிச் செஞ்சிருக்காதுக்கா." கண்ணாத்தாள் அந்தப் பக்கம் திரும்பித் துணியைப் பிழிந்தாள்.

கார்த்திகை பிறந்து சில நாள் கழித்து, ஒரு சாயங்காலம், அழகுமலை ஒரு மூட்டை அரிசியோடு வந்தார். செட்டியார் கொடுத்தனுப்பியது. மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு கட்டிலுக்கு எட்ட நின்றார்.

"விதி, ராக்கா. ஆனா கெணத்து மேஸ்திரி சொன்னாரு, கூடையில அளவுக்கு மேல கல்லு ஏத்துனீங்களாமே. மழைக்கு முந்தி முடிக்கிற அவசரத்துல. எந்தக் கொக்கிதான் தாங்கும்?"

செவந்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ராக்கன் முந்திக்கொண்டான். அவன் முகம் மட்டும் பழைய முகமாகவே இருந்தது. கன்னம்தான் உள்ளே போயிருந்தது.

"ஆமாங்க. நாந்தான். அன்னைக்கு ரெண்டு கல்லு கூடப் போட்டேன். படுத்துக்கிட்டு அதைத்தான் நெனச்சுக்கிட்டிருக்கேன். அந்த ரெண்டு கல்ல நான் போடாம இருந்திருந்தா..."

"அதான். யாரைச் சொல்லி என்ன?" என்றார் அழகுமலை. போகும்போது கண்ணாத்தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

அவர் செருப்புச் சத்தம் தெருமுனை திரும்பும்வரை அவள் கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். பிறகு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ராக்கா, நீ போட்ட கல்லு இல்ல."

"சும்மா இரு மதினி. ஆறுதல் சொல்லாத."

"ஆறுதல் இல்ல. நீ போட்டதைப் போல நாலு பங்கு ஏத்தியிருந்தாலும் நல்ல கொக்கி தாங்கும். அது சுண்ணாம்புக் கொக்கி. பூசைக்கு நாந்தான் கோட்டைக் கழுவுனேன். சனிக்கெழமையே ஒண்ணு கொறையிதுன்னு எனக்குத் தெரியும். ஞாயித்துக்கெழமை அவரு கெணத்துக்குப் போயிப் பாத்தேன். அங்க நல்லதா இருந்துச்சு. திரும்பி வந்துட்டேன்."

செவந்தி அடுப்பிலிருந்து எழுந்து வந்து நின்றாள். ராக்கன் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான். கணக்குப் போடுகிறவன் போல உதடு அசைந்தது.

"ஞாயித்துக்கெழமையா?"

"ஆமா."

"அண்ணன் கெணத்துலருந்து நாலு மைலுதானே, மதினி."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. தூரம் சரிதானா என்று கேட்பது போலத்தான் கேட்டான். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அவனால் திருப்ப முடிந்தது அது ஒன்றுதான்.

"அக்கா" என்றாள் செவந்தி. "அன்னைக்கு ராத்திரி ஒனக்குக் கருவாட்டுக் கொழம்பு கொண்டாந்து குடுத்தேன்."

"ஆமா."

"வாங்கித் தின்னியே."

கண்ணாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எந்திரிச்சுப் போ. இனிமே இந்த வாசல்ல ஒன்னைய நான் பாக்கக் கூடாது."

அவள் போனாள். தன் வீட்டில் விளக்கு ஏற்றாமல் உட்கார்ந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மண்சுவர்தான். அந்தப் பக்கம் செவந்தி தெருவில் யாரையோ கூப்பிட்டது கேட்டது. யாரும் போகவில்லை. பிறகு அவள் தனியாகத் தம் பிடிப்பது கேட்டது. ராக்கன் "விடு, விடு, செவந்தி" என்றது கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாத்தாள் இரண்டு தடவை எழுந்து கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள்.

மறுநாள் விடிந்ததும் அவள் வழக்கம் போல வெந்நீர் போட்டு, உப்பைக் கரைத்து, செம்பை எடுத்துக்கொண்டு பக்கத்து வாசலில் போய் நின்றாள். உள்ளே கூப்பிடவில்லை. செவந்தி வாசலுக்கு வந்து பார்த்தாள். அவள் கண் வீங்கியிருந்தது; ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருந்திருக்கிறாள். ராக்கன் முந்தின நாள் சாயங்காலம் கிடந்த பக்கமாகவே கிடந்தான். இடுப்பெலும்பு கட்டிலில் அழுந்தியிருந்த இடத்தில் விரித்த வாழையிலை நனைந்து சிவந்திருந்தது.

செவந்தி உள்ளே போய்க் கட்டிலின் தலைமாட்டுப் பக்கம் நின்று அவன் தோளைப் பிடித்தாள். கால்மாட்டுப் பக்கத்தைக் காலியாக விட்டிருந்தாள். கண்ணாத்தாள் செம்பை வைத்துவிட்டு வந்து இடுப்பையும் தொடையையும் பிடித்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே மூச்சில் புரட்டினார்கள். எட்டணாக் காசு அகலத்துக்குத் தோல் போயிருந்தது. கண்ணாத்தாள் உப்புநீரைத் துணியில் நனைத்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு வராமல், நடுவிலிருந்து ஓரத்துக்கு, மெதுவாகத் துடைத்தாள். அவனுக்கு வலிக்கவில்லை. துடைத்து முடித்ததும் துணியை எடுத்துக்கொண்டு வெளியே போய்த் துவைத்துக் கொடியில் போட்டாள். அடுத்துப் புரட்ட இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அவள் கிட்டங்கிக்குப் போகவில்லை, வாசலிலேயே உட்கார்ந்தாள்.